தீயும் சொல்லும்: தீ வைக்கும் உந்துதலை அறிந்துகொள்ளுதல்



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் தீ வைக்கும் மனநோயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாமும் முன்பு அவ்வாறே எண்ணியிருப்போம். ஒரு மாணவர் கேட்ட கேள்வி அந்த எண்ணத்தை மாற்றியது. உயர்நிலை இரண்டாம் வகுப்பில் கார்த்திகைத் தீபம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் தாம் நிரப்பிய ஒரு வினாப்பட்டியலைக் குறிப்பிட்டு, “தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க எனக்குப் பிடிக்கும். அப்படியென்றால் எனக்குப் பைரோமேனியா இருக்கிறதா, ஐயா? அதற்குத் தமிழில் என்ன?” என்று அவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “விளக்கைப் பார்க்க எல்லாருக்கும்தான் பிடிக்கும், அது நோயன்று” என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். கூறியதில் பிழையில்லை. ஆனால் அவரிடம் நாம் மறுகேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைப் பற்றியதே இன்றைய உரை.

முதலில் சொல்லின் வரலாற்றைக் காண்போம். பைரோமேனியா என்பது கிரேக்க வேர்களிலிருந்து அமைக்கப்பட்ட சொல். ‘பைர்’ என்பது தீ. ‘மேனியா’ என்பது பித்து. பிரெஞ்சு மருத்துவர் மார்க் 1833ஆம் ஆண்டில் இந்நிலையைப் பற்றி விரிவாக எழுதினார். மனத்தின் மற்றப் பகுதிகள் நலமாக இருக்க, ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் அறிவு பிறழ்வதுண்டு என்று அக்காலப் பிரெஞ்சு மருத்துவர்கள் கருதினர். அத்தகைய ஒற்றைப் பித்துகளுள் ஒன்றாகத் தீ வைத்தலையும் அவர் சேர்த்தார். நீதிமன்றங்களில் பெரும் விவாதம் எழுந்தது. தீ வைத்தவர் குற்றவாளியா, நோயாளியா? தம்மைத் தடுக்க இயலாதவரைத் தண்டிக்கலாமா? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகியும் அந்த விவாதம் முற்றுப்பெறவில்லை.

செருமானிய நாடுகளில் இந்த விவாதம் வேறு வழியில் சென்றது. அந்தப் பகுதியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள சிற்றூர்களிலிருந்து பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட ஏழைச் சிறுமிகள் பலர் அயலார் வீடுகளுக்குப் பணிப்பெண்களாகவும் குழந்தை பார்ப்பவர்களாகவும் அனுப்பப்பட்டனர். அவர்களுள் சிலர், வேலைக்குச் சேர்ந்த சில நாள்களிலோ வாரங்களிலோ, எசமானரின் வீட்டுக்கோ வைக்கோல் கொட்டகைக்கோ தீ வைத்தனர். பகையில்லை, திருட்டில்லை, ஆதாயமில்லை. விசாரணையில் கேட்டால் பெரும்பாலும் அழுதனர் அல்லது பேசாதிருந்தனர். பருவ மாற்றத்தால் தோன்றும் ‘தீ வைக்கும் இயல்பூக்கம்’ என்று மருத்துவர் சிலர் விளக்கம் தந்தனர். சிறுமியரின் உடலைப் பற்றி நிறைய எழுதிய அவர்கள், அச்சிறுமியர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதில் போதிய கவனம் செலுத்தவில்லை.

அதில் கவனம் செலுத்தியவர்களுள் ஒருவர், பின்னாளில் தத்துவ அறிஞராகப் புகழ்பெற்ற கார்ல் யாஸ்பர்ஸ். 1909இல் ஐடல்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்திற்காக அவர் அளித்த ஆய்வேட்டின் தலைப்பு ‘வீட்டு ஏக்கமும் குற்றமும்’ என்று பொருள்படும். பழைய வழக்குகளைத் திரட்டி, அச்சிறுமியரின் வாழ்வை அவர் வரிசையாக எடுத்துரைத்தார். தாயை விட்டு முதன்முறையாகப் பிரிந்தவர்கள். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்னும் ஏக்கம் நெஞ்சை அடைக்க, அதை யாரிடமும் சொல்லத் தெரியாதவர்கள். சொல்லிப் பார்த்தும் திருப்பி அனுப்பப்படாதவர்கள். இந்த வீடு இல்லாமற்போனால் நம் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவர்களின் கணக்கு. குழந்தையின் கணக்கு அவ்வளவுதான். அதன் விளைவை அனுபவித்தவர்களோ பலர். தீக்கு இரையான வீடுகளில் இருந்தவர்களை நாம் மறந்துவிட்டுப் பேசவில்லை.

இன்றைய மருத்துவ அளவுகோலின்படி அச்சிறுமியருக்குப் பைரோமேனியா இல்லை என்பதையும் இங்கே கூற வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதைத் தெளிவாக வரையறுக்கிறது. ஒரு முறைக்கு மேல் வேண்டுமென்றே தீ வைத்திருக்க வேண்டும். தீ வைக்கும் முன்பு மனத்தில் இறுக்கமோ கிளர்ச்சியோ தோன்ற வேண்டும். தீயின்மீதும் அதைச் சூழ்ந்தவற்றின்மீதும், அதாவது கருவிகள், சைரன், தீயணைப்பு வண்டி போன்றவற்றின்மீதும், ஆழ்ந்த ஈர்ப்பு இருக்க வேண்டும். தீ வைக்கும்போதோ அதைப் பார்க்கும்போதோ இன்பமோ விடுதலை உணர்வோ கிட்ட வேண்டும். இவை யாவும் இருந்தாலும் போதாது. பணத்திற்காகவோ, அரசியல் நோக்கத்திற்காகவோ, வேறொரு குற்றத்தை மறைக்கவோ, சினத்தாலோ, பழிவாங்கவோ, தம் வாழ்க்கை நிலையை மாற்றிக்கொள்ளவோ, மனப்பிரமையாலோ, போதையால் அறிவு மழுங்கியோ தீ வைத்திருந்தால் அது பைரோமேனியா ஆகாது. நீண்டகால நடத்தைக் கோளாறோ, பித்தெழுச்சி நிலையோ அச்செயலைப் போதிய அளவு விளக்கினாலும் ஆகாது.

‘வாழ்க்கை நிலையை மாற்றிக்கொள்ள’ என்னும் சிறு தொடரைக் கவனியுங்கள். அந்தச் செருமானியச் சிறுமியர் இந்த வாயில் வழியாகவே நோயின் எல்லைக்கு வெளியே செல்கின்றனர். நோயில்லை என்றால் துன்பமும் இல்லை என்று பொருளாகுமா? இந்த இடத்தில்தான் நம் பள்ளிகளில் தவறு நேர்கிறது. நாமும் நம் வகுப்பில் அந்தத் தவற்றையே செய்தோம்.

இலக்கிய மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மதுரையை எரித்த கண்ணகியைப் பைரோமேனியா உள்ளவள் என்று எவரேனும் கூறினால் நாம் என்ன விடையளிப்போம்? அவளுடைய தீயில் அறச்சீற்றம் இருக்கிறது. நீதி கேட்டல் இருக்கிறது. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு தீக்கடவுளுக்கு இட்ட ஆணையும் இருக்கிறது. காரணம் தெளிவாக உள்ள தீ அது. கி.மு. 356இல் எபேசு நகரத்து ஆர்ட்டெமிசு கோயிலுக்குத் தீ வைத்த எரோசுதிராத்தசு புகழுக்காக அதைச் செய்ததாகக் கூறப்படுகிறது. அவன் பெயரையே உச்சரிக்கக் கூடாது என்று நகரத்தார் தடை விதித்தனர். அதுவும் பைரோமேனியா அன்று. வகுப்பில் இந்த இருவரையும் எடுத்துக்கொண்டு, மேற்சொன்ன வரையறையில் எந்தத் தொடர் இவர்களை விலக்குகிறது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் எழும்.

அவ்வாறு ஒவ்வொருவராக விலக்கிச் சென்றால் எஞ்சுவோர் மிகச் சிலர். பின்லாந்தில் மீண்டும் மீண்டும் தீ வைத்த 90 பேரின் மனநல மதிப்பீட்டு ஆவணங்களை ஆய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களுள் 12 பேர் மட்டுமே பைரோமேனியாவின் மற்ற அடையாளங்களைக் கொண்டிருந்தனர். அந்த 12 பேரிலும் 9 பேர் தீ வைத்தபோது மது அருந்தியிருந்தனர். அவர்களையும் விலக்கினால் எஞ்சியவர்கள் 3 பேர். செய்தியிலும் திரைப்படத்திலும் தீ வைத்தவர் அனைவருக்கும் அள்ளி வழங்கப்படும் பெயர், உண்மையில் அவர்களுள் மிகச் சிலருக்கே பொருந்துகிறது.

அந்தச் சிலரின் நிலைமை எத்தகையது? 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்நோய் உடைய 21 பேரை நேரில் கண்டு பேசியது. பலருக்கு இளமைப் பருவத்திலேயே இது தொடங்கியிருந்தது. அவர்கள் வைத்த தீ பெரும்பாலும் செய்தித்தாளில் வரும் பெருந்தீ அன்று. குப்பைத் தொட்டியிலும் ஆளற்ற இடத்திலும் மூட்டிய சிறு தீ. தீ எரியும்போது கிளர்ச்சி. அணைந்தபின் மிகப் பெரும்பாலோருக்குக் கடும் மனவேதனை. பிறகு மீண்டும் இறுக்கம். இந்தச் சுழற்சி எவ்வாறு இறுகுகிறது என்பதை விளக்குவது அரிதன்று. தாங்க முடியாத இறுக்கம் ஒரு செயலால் நொடியில் தளர்ந்தால், அடுத்த முறை இறுக்கம் வரும்போது மனம் அதே செயலை நாடும். ஒவ்வொரு முறையும் அந்தப் பாதை ஆழமாகிறது. சிகிச்சையும் இதை அறிந்தே அமைகிறது. இறுக்கம் எப்போது தொடங்குகிறது என்று இனங்காணவும், அதைத் தீயின்றித் தாங்கவும், எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பயிற்றுவிக்கிறது. மனச்சோர்வு போன்ற பிற நோய்கள் உடனிருந்தால் மருத்துவர் அவற்றிற்கும் மருந்து தருவார்.

சிறு தீதானே என்று நம் ஊரில் எவரும் சொல்ல முடியாது. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயால் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். அந்தப் பலகை வீடுகள் இன்று இல்லை. ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது நடைபாதையில் பழைய செய்தித்தாளும் காலணி அடுக்கும் மிதிவண்டியும் இருக்கின்றன. அங்கே எரியும் ஒரு தாளின் புகை, உள்ளே இருக்கும் முதியவர் வெளியேற வேண்டிய ஒரே வழியை அடைத்துவிடும்.

இனி மொழிக்கு வருவோம். அந்த மாணவர் கேட்ட இரண்டாவது கேள்வி, அதற்குத் தமிழில் என்ன என்பது. ‘தீ வெறி’ என்று எழுதுகிறோம். வெறி என்றதும் வெறிநாய் நினைவுக்கு வருகிறது. தம்மைத் ‘தீ வெறியன்’ என்று அழைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை உதவி கேட்டு வரும்? ‘பித்து’ என்றால் சற்று மென்மை உண்டு. ஆயினும் பக்தியும் காதலும் அதில் கலந்துவிடுகின்றன. ‘எரியூட்டுதல்’ நம் செய்திகளில் ஈமச்சடங்கைக் குறிக்கிறது. ‘மோகம்’ சினிமாவுக்கும் நகைக்கும் போய்விட்டது. நாம் பரிந்துரைப்பது ‘தீ வைக்கும் உந்துதல்’ என்பதே. உந்துதல் ஒருவரிடம் வருவது, போவது. அது அவர் பெயராக ஒட்டிக்கொள்வதில்லை. மருத்துவர் நோயென்று உறுதிசெய்தால் பைரோமேனியா என்றே தமிழெழுத்தில் எழுதலாம். பெயர் மாற்றம் வெறும் ஒப்பனை என்று கருதுவோர், ‘உட்பிரிட்ஜ்’ என்னும் சொல் இங்கே வசைச்சொல்லாக வழங்கிய காலத்தை நினைத்துப் பார்க்கலாம். அம்மருத்துவமனை 1993இல் புவாங்கோக்கிற்கு இடம்பெயர்ந்து மனநலக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. பெயர் ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை என்பதும் உண்மைதான்.

இதைவிட முக்கியமான ஒன்று தமிழ் வினைச்சொற்களில் இருக்கிறது. ‘தீப்பிடித்தது’, ‘பற்றிக்கொண்டது’ என்று நாம் சொல்லும்போது செய்தவர் எவரும் வாக்கியத்தில் இல்லை. தீ தானே வந்தது போல் ஒலிக்கிறது. ‘பற்ற வைத்தேன்’ என்னும்போதுதான் ஆள் வருகிறார். இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று இதைக் கற்பிக்கிறோம். ஒரு மாணவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது முதலில் ‘பற்றிக்கிச்சு’ என்றுதான் தொடங்குவார். அது பொய்யன்று, அச்சம். நாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால், வாக்கியத்தில் ‘நான்’ நுழையும் கணம் ஒன்று வரும். அந்தக் கணத்தில் முகம் சுளித்துவிட்டால், அவர் மீண்டும் ‘பற்றிக்கிச்சு’ என்பதற்கே திரும்பிவிடுவார்.

தன்னாய்வு வினாக்களுக்கு இப்போது வருவோம். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறையான அளவுகோல்கள் உள்ளன. இங்கிலாந்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் அத்தகைய இரண்டை வெளியிட்டனர். அவை ஆய்வுக்கும் மதிப்பீட்டுக்கும் உதவுபவை. கைப்பேசியில் வலம் வரும் வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் அத்தகையவை அல்ல. ‘தீயைப் பார்க்கப் பிடிக்குமா?’ என்ற வினா நம்மவரிடையே எதையும் பிரித்துக் காட்டாது. வீட்டில் நாள்தோறும் விளக்கேற்றி, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி கண்டு வளர்ந்த பிள்ளை ‘ஆம்’ என்றுதான் சொல்லும். ‘உள்ளே எரிவது போல் இருக்கிறதா?’ என்று மொழிபெயர்த்தாலோ, பொறாமையிலும் வயிறு எரியும் மொழி நம்முடையது. விடை எதைக் குறிக்கிறது என்று தெரியாது.

ஆகவே வினாக்களை நம் வாழ்வுக்கு ஏற்பக் கேட்டுக்கொள்வோம். மாணவர்களே, இவற்றை நீங்கள் தனியே இருக்கும்போது நினைத்துப் பார்க்கலாம். எவரிடமும் காட்ட வேண்டியதில்லை. வழிபாடு, சமையல், பிறந்தநாள் மெழுகுவர்த்தி போன்ற எந்தத் தேவையும் இல்லாமல், அண்மை மாதங்களில் எதையேனும் எரித்தீர்களா? ஒரு முறைக்கு மேலா? எரிப்பதற்கு முன்னால் உடலிலோ மனத்திலோ இறுக்கம் ஏறிக்கொண்டே போனதா? எரித்தபின் கிடைத்த நிம்மதி எவ்வளவு நேரம் நீடித்தது? இனி வேண்டாம் என்று முடிவெடுத்தும் நிறுத்த முடியவில்லையா? காரணமின்றிப் பையில் லைட்டரோ தீப்பெட்டியோ இருக்கிறதா? அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மறைக்கிறீர்களா? முன்பு எரித்ததைவிட இப்போது எரிப்பது பெரிதாகிறதா? ஆளில்லாத இடத்திலிருந்து ஆள்கள் இருக்கும் இடத்தை நோக்கிச் செல்கிறதா?

இன்னும் ஒரு வினா எஞ்சியிருக்கிறது. யாஸ்பர்ஸ் படித்த வழக்குகளிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது அது. எரிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது? யார் பேசினார்கள், எந்தக் கதவு சாத்தப்பட்டது, எந்த மதிப்பெண் வந்தது? இந்த வினாவுக்கு ஆம், இல்லை என்று விடையளிக்க முடியாது. எனவே வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. நம் கணிப்பில் மற்ற எல்லா வினாக்களையும்விட இதற்கே மதிப்பு மிகுதி.

இவ்வினாக்களால் எவரும் தமக்குத் தாமே நோயை உறுதிசெய்துகொள்ள முடியாது. முன்பு கண்ட விலக்குகளை நினைவுகூருங்கள். நான் சினத்தில் செய்தேனா, சினமின்றிச் செய்தேனா என்பதை உள்ளிருந்து பார்ப்பவரால் பல வேளைகளில் பிரித்தறிய இயலாது. ‘இல்லை’ என்று நிறைய விடைகள் வந்தாலும், ஒரே ஒரு ‘ஆம்’ உங்களை உறுத்தினால் அதுவே ஒருவரிடம் பேசப் போதுமான காரணம். அமெரிக்காவில் 43,000க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் வேண்டுமென்றே தீ வைத்ததுண்டு என்று ஒப்புக்கொண்டனர். நூற்றில் ஒருவர். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் தாம் மட்டுமே இப்படி என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுச் செல்லலாம்.

உந்துதல் வரும்போது செய்யக்கூடியவை எளியவை. லைட்டரை இன்றே வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். உந்துதல் ஏறும் நேரத்தில் தனியிடத்தை விட்டு ஆள்கள் இருக்கும் இடத்திற்கு வாருங்கள். அலை போல் அது ஏறி இறங்கும்; இறங்கும்வரை ஒருவருடன் பேசிக்கொண்டிருங்கள். பள்ளி ஆலோசகரிடம் செல்லுங்கள். தேவையெனக் கண்டால் அவர் மனநலக் கழகத்தின் ரீச் குழுவின் உதவியை நாடுவார். 16 முதல் 30 வயதுக்குட்பட்டோர் சாட் மையத்தை நேரடியாக அணுகலாம். மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222. தம்மையோ பிறரையோ எரித்துவிடும் எண்ணம் எவருக்கேனும் வந்தால், வினாக்களுக்கு அங்கே இடமில்லை. உடனே 995ஐ அழைக்க வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது.

ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்களிக்காதீர்கள். “உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்குமுன் உனக்குத் தெரிவிப்பேன்” என்று கூறுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அடுத்த மாணவரின் வாயையும் அடைத்துவிடும். சட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்டால் மழுப்பாதீர்கள். தீயால் பிறர் உடைமைக்குச் சேதம் விளைவித்தல் கடுங்குற்றம். உந்துதல் என்று கூறுவதால் மட்டும் அது மன்னிக்கப்படாது. சிகிச்சையால் குணமாகக்கூடிய மனநோயும் ஒரு காரணமென மருத்துவ மதிப்பீடு காட்டினால், தகுதியான வழக்குகளில் கட்டாயச் சிகிச்சை ஆணை பிறப்பிக்க நம் சட்டம் இடமளிக்கிறது. தீ வைப்பதற்கு முன்பே வந்து பேசியவருக்கு இவை எதுவும் தேவைப்படாது.

அந்த மாணவரிடம் இரண்டு வாரம் கழித்து மீண்டும் பேசினோம். வகுப்பில் சிரிப்பு எழுந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, “அன்று ஏன் அதைக் கேட்டாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும்” என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின், மாடிப்படியில் நோட்டுப்புத்தகம் பற்றிக்கொண்டது என்றார். நாம் காத்திருந்தோம். வேறு எதையோ பேசினார். புறப்படும்போது, வாசலில் நின்றபடி, இரண்டு முறை தாமே பற்ற வைத்ததாகச் சொன்னார். அந்த இரண்டு நாள்களிலும் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொன்னார். அதை இங்கே கூறும் உரிமை நமக்கில்லை. மறுநாள் அவர் சம்மதத்துடன் ஆலோசகர் அறைக்கு அவரை அழைத்துச் சென்றோம். பின்னர் அவரைப் பார்த்த மருத்துவர் அது பைரோமேனியா அன்று என்றே கூறினார். ஆயினும் அவருக்கு உதவி தேவைப்பட்டது, கிடைத்தது.

உரை முடிந்தபின் ஆசிரியர்கள் ஐயங்களைக் கேட்கலாம். மாணவர்கள் அனைவர் முன்னிலையிலும் கேட்க வேண்டியதில்லை. அரங்கத்தின் பின்வாசலருகே இன்று ஒன்பது மணிவரை நாம் இருப்போம்.